பட்டாளத்துத் தாத்தாவின் கதையை வீடியோவில் பதிவு செய்வது: மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளி, கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊரில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரைச் சந்தித்து, அவர்களுடைய அனுபவத்தை வீடியோவில் பதிவு செய்யக் கிளம்பும்போது வழக்கமாக வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் என்ற முறையில் எழுதுகிறேன். சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும். உங்கள் ஊருக்குப் பொருந்தாததை விட்டுவிடுங்கள்.

இது யூடியூப் பேட்டி மாதிரியா?

இல்லை. யூடியூப் பேட்டியில் பார்ப்பவருக்கு அலுக்கக் கூடாது என்பதுதான் கவலை. பின்னணி இசை போடுவார்கள், தயங்கிப் பேசிய இடத்தை வெட்டுவார்கள், "வீரம்" என்று தலைப்பு வைப்பார்கள். வாய்மொழி வரலாற்றுப் பதிவில் ஒருவர் தன் வாழ்க்கையைத் தன் வேகத்தில் சொல்கிறார், நாம் வெட்டாமல் அப்படியே பாதுகாக்கிறோம். ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் வந்து, நாம் யோசித்தே பார்க்காத ஒரு கேள்விக்கு இதில் விடை தேடக்கூடும். அந்த ஆளுக்காகவும் சேர்த்துத்தான் பதிவு செய்கிறோம்.

இந்த வேலைக்கு இன்று உலகில் பெரிய முன்மாதிரி அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் நடக்கும் படைவீரர் வரலாற்றுத் திட்டம். 2000-ம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைத் தொடங்கியது. விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து தேர்வான நாடாளுமன்ற உறுப்பினர் ரான் கைண்ட், தன் அப்பாவும் சித்தப்பாவும் குடும்ப விருந்து ஒன்றில் போர்க்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைத் தன் மகன்களுக்காக வீடியோ எடுத்தார், அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்லப்படுகிறது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தொகுப்புகள் அங்கே இருக்கின்றன. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள், அவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு. குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது, சொல்பவர் தன் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்பவை அவர்கள் விதிகளில் சில. மூன்றையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சண்டைக்கே போகாதவரைப் பதிவு செய்யலாமா?

தாராளமாக. சமையற்காரர், டிரைவர், கிளார்க், சிக்னல் பிரிவில் இருந்தவர், ராணுவ மருத்துவமனை நர்ஸ் எல்லோரையும் பதிவு செய்யுங்கள். "நான் என்ன பெருசா பண்ணிட்டேன், சண்டை போட்டவங்ககிட்ட கேளுங்க" என்று ஒதுங்குகிறவரிடம்தான் பெரும்பாலும் நல்ல விவரம் இருக்கும்.

1971 டிசம்பரில் நடந்த பசந்தர் ஆற்றுச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். டாங்கியோடு நின்று உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்ற செகண்ட் லெப்டினன்ட் அருண் கேதர்பாலின் பெயர் பாடப் புத்தகம் வரை வந்துவிட்டது. அந்த டாங்கிகள் அக்கரை போவதற்குள் கண்ணிவெடி வயலில் யாரோ குனிந்து நடந்து பாதை திறக்க வேண்டியிருந்தது. அந்த வேலை பொறியாளர் பிரிவுகளுடையது. பெங்களூருவில் மையம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் நம் ஊர்க்காரர்கள் ஏராளம், அந்தப் பிரிவினரை ராணுவமே "தம்பி" என்றுதான் அழைக்கும். பாலம் கட்டியவர், வெடி எடுத்தவர், தண்ணீர் சுத்திகரித்தவர் என்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, "எப்படிச் செய்வீங்க, காட்டுங்க ஐயா" என்று கேட்டுப் பாருங்கள். குரல் பதிவை விட வீடியோ மேல் என்பது அப்போது தெரியும்.

மனைவியரையும் விடாதீர்கள். கணவர் எல்லையில் இருக்க, மாமியார் வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர், வாசலில் தந்திக்காரர் சைக்கிள் நின்றாலே கை கால் நடுங்கியவர், அவரிடமும் ஒரு போர்க்காலம் இருக்கிறது. அவருக்குத் தனி நாள், தனிப் பதிவு.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1962 சீனப் போரில் 20 வயது இருந்தவர் 1942-ல் பிறந்தவர். 1971-ல் 20 வயது என்றால் பிறந்தது 1951. இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடத்தில் 18 வயதில் இருந்தவர் 1927-ல் பிறந்திருப்பார். அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர், இன்று அவர்களில் ஒருவரைக் கண்டுபிடிப்பது அபூர்வம். அமெரிக்காவில் முதல் உலகப் போருக்குப் போனவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த ஃபிராங்க் பக்கிள்ஸ் 2011 பிப்ரவரியில் 110 வயதில் இறந்தார். காங்கிரஸ் நூலகத் திட்டம் அவரை முந்திக்கொண்டு பதிவு செய்து வைத்திருந்ததால் அவர் பேச்சு இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது.

முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறீர்களா? 1965-க்காரரை முதலில் முடியுங்கள். கார்கில்காரர் காத்திருப்பார்.

இவர்களை எங்கே தேடுவது?

முதலில் உங்கள் தெருவில். அப்புறம் மாவட்டத் தலைநகரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், ராணுவக் கேண்டீன், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை, ஊர் முன்னாள் படைவீரர் சங்கம். வேலூர் மாவட்டக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அங்கே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார்.

தனியாகப் போகாதீர்கள். தெரிந்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், முதல் நாள் கேமரா இல்லாமல் காபி குடித்துவிட்டு வாருங்கள். என்ன செய்யப் போகிறோம், பதிவு எங்கே போகும் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பேட்டிக்கு முன்னால் என்ன படிக்க வேண்டும்?

போரைப் பற்றிப் பொதுவாகப் படிப்பதை விட, அவரைப் பற்றிய காகிதங்களைப் பார்ப்பது அதிகம் உதவும். முதல் சந்திப்பில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சேர்ந்த தேதி, பிரிவு, பதவி எல்லாம் அதில் இருக்கும். அடுத்தது பதக்கங்கள். பெட்டியைத் திறந்து மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னால், அவர் எங்கே இருந்தார் என்பது பாதி விளங்கிவிடும். 1971 போரில் கிழக்கே, அதாவது இன்றைய வங்கதேசப் பக்கம் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார். மேற்கு எல்லையில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். 1965-ல் போர்முனைக்குப் போனவரிடம் சமர் சேவா ஸ்டார் இருக்கலாம். "தாத்தா, உங்ககிட்ட பூர்வி ஸ்டார் இருக்கே, எந்த வழியா உள்ள போனீங்க?" என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். ஏதோ பள்ளிக்கூட வேலைக்கு வந்த பிள்ளை என்ற நினைப்பு அதோடு போய்விடும்.

பழைய கடிதங்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். முகவரியில் ஊர் இருக்காது, "மேற்பார்வை 56 ஏபிஓ" அல்லது "99 ஏபிஓ" என்று மட்டும் இருக்கும் (ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம்). எங்கே இருக்கிறோம் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாத நிலையில் வீட்டுக்கு என்னதான் எழுதினார் என்பதே ஒரு நல்ல கேள்வி.

என்ன கேள்விகள் கேட்பது?

கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள், பதிலைக் கேட்காமல் அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். அதனால் ஒரு சிறிய அட்டையில் நான்கைந்து தலைப்பு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: பிறந்த ஊர், சேர்ந்தது, பயிற்சி, போர், திரும்பி வந்தது.

தொடக்கம் எப்போதும் பிள்ளைப்பருவம். வீட்டில் எத்தனை பேர், நிலம் இருந்ததா, எதுவரை படித்தார், ஆள் எடுக்கும் முகாம் எங்கே நடந்தது, மார்பளவு பத்தாமல் திருப்பி அனுப்பினார்களா, யாரிடம் சொல்லாமல் போனார். ஏன் சேர்ந்தார் என்பதற்கு எல்லோரும் முதலில் "நாட்டுக்காக" என்பார்கள். அவசரப்படாமல் காத்திருந்தால் அடுத்த வாக்கியத்தில் பஞ்சமோ, தங்கச்சி கல்யாணமோ, அப்பாவோடு சண்டையோ வரும். இரண்டுமே உண்மைதான். இரண்டையும் பதிவில் இருக்க விடுங்கள்.

பயிற்சியைப் பற்றி விலாவாரியாகக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் குன்னூர் பக்கத்தில் வெலிங்டன் மையம். அதிகாலைக் குளிரில் ஷேவிங்குக்குத் தண்ணீர் எப்படிக் கிடைத்தது? இந்தி தெரியாமல் முதல் மாதம் எப்படிச் சமாளித்தார்? அரிசிச் சோறு தின்று வளர்ந்தவருக்கு முதல் நாள் என்ன போட்டார்கள்? ஒரு பதிவில் மாணவி ஒருத்தி இந்தச் சாப்பாட்டுக் கேள்வியைத்தான் கேட்டாள். அந்த ஹவில்தார் அதுவரை ஒற்றை வரியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கு மட்டும் இரண்டு கையையும் நீட்டி, அலுமினியத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றது, பருப்பு விழுந்த சத்தம், ரொட்டியைக் கிழிக்கத் தெரியாமல் பக்கத்தில் இருந்த பஞ்சாபிக்காரரைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டது, அந்தப் பஞ்சாபிக்காரர் பின்னாளில் எப்படி இறந்தார் என்பது வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். போரைப் பற்றி அவரிடம் தனியாகக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

போர் என்று வரும்போதும் "போர் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அன்று காலை எழுந்தது எங்கே, காலில் என்ன செருப்பு, முதுகில் எவ்வளவு பாரம், பக்கத்தில் யார், முதல் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தினால் உடனே இடைவெளியை நிரப்பாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழெட்டுக்குள் அவரே தொடர்வார்.

திரும்பி வந்ததை மறக்காதீர்கள். மாணவர்கள் பெரும்பாலும் போர் முடிந்ததும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். ஆனால் முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஓய்வு பெற்று வந்தவர் ஏடிஎம் காவலாளியாக நின்ற கதையும், பென்ஷனுக்கு அலைந்த கதையும், சொந்தப் பிள்ளைகளே அவரை விருந்தாளியாகப் பார்த்த கதையும் அதற்கப்புறம்தான் வருகின்றன. என் கணக்கில் பதிவின் சரிபாதி அதற்கே போக வேண்டும்.

கேட்கவே கூடாத கேள்வி உண்டா?

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாகக் கேட்கக் கூடாது.

நடுவில் அழுதுவிட்டால்?

கேமராவை அணைக்க ஓடாதீர்கள், நெருங்கிப் படமும் எடுக்காதீர்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு, "நிறுத்தலாமா தாத்தா?" என்று மெதுவாகக் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். தொடரச் சொன்னால் தொடருங்கள். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவர் கையைத் தூக்கினால் பதிவு நிற்கும், காரணம் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.

கனமான விஷயம் பேசியதும் மைக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவது மகா தவறு. அரைமணி நேரமாவது உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ பேசிவிட்டு வாருங்கள். மறுநாள் போன் செய்யுங்கள். தூக்கம் கெட்டுவிட்டது, மனது சரியில்லை என்று அவரோ வீட்டாரோ சொன்னால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐக் கொடுங்கள். தமிழிலும் பேசுவார்கள். கேட்ட மாணவருக்கும் ராத்திரி தூக்கம் வராமல் போகலாம், அதனால் அதே எண் அவருக்கும் உண்டு.

பேச மாட்டேன் என்கிறார். வற்புறுத்தலாமா?

கூடாது. இங்கிலாந்தின் ஹாரி பேட்ச் 1917-ல் பாஷண்டேல் போர்க்களத்தில் குண்டு விழுந்து தன் நண்பர்கள் மூவரை இழந்தவர். நூறு வயது ஆகும்வரை அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. 1998-ல்தான் வாய் திறந்தார். அப்புறம் 2009-ல் 111 வயதில் இறக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார். உங்கள் தெருத் தாத்தா பேசாமலே போனாலும் அது அவர் உரிமை. போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மகன் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

"அது அறுபத்தஞ்சு இல்லப்பா, எழுபத்தொண்ணு" என்று எடுத்துக்கொடுக்கும் மகன் எல்லா வீட்டிலும் உண்டு. குழுவில் ஒருவர் அவரை வேறு அறைக்கு அழைத்துப்போய்ப் பழைய போட்டோக்களைக் காட்டச் சொல்லி, யார் யார் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்த வேலையும் தேவைதான், மகனும் சந்தோஷமாக இருப்பார். பெரியவருக்குக் காது கேட்காமலோ உடல் முடியாமலோ இருந்தால் வீட்டில் ஒருவர் கூட இருக்க வேண்டும். அப்படி இருப்பவர் பெயரையும் பதிவின் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

இலங்கைக்கு அமைதிப்படையில் போனவரைப் பதிவு செய்யலாமா?

செய்ய வேண்டும். ஆனால் வேறு எந்தப் பதிவையும் விட இதற்குத்தான் அதிகம் தயாராக வேண்டும்.

1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தையொட்டி இந்தியப் படை அங்கே போனது. அக்டோபரில் புலிகளோடு நேரடிப் போர் மூண்டது. கடைசி அணி 1990 மார்ச்சில் திரும்பியது. இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1987 நவம்பரில் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. இது ஒரு பக்கம். 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இறந்தார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்கு அந்தக் காலம் இதுபோன்ற நினைவுகளால் நிறைந்தது. இரண்டையும் படித்துவிட்டுத்தான் கேமராவைத் தூக்க வேண்டும்.

தமிழ் வீரர்களுக்கு அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. வீட்டு மொழியைப் பேசுகிற ஊருக்குள் துப்பாக்கியோடு போனார்கள். திரும்பிச் சென்னையில் இறங்கியபோது அன்றைய முதல்வர் மு.கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதைச் சொல்லாமல் முடிக்கும் அமைதிப்படைக்காரர் குறைவு. சிலர் கோபமாகச் சொல்வார்கள், சிலர் "அவர் செஞ்சது சரிதான்" என்பார்கள். நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். அதே சமயம், கஷ்டமான கேள்வியை விட்டுவிட்டும் வந்துவிடாதீர்கள். "அங்க இருந்த ஜனங்க உங்கள எப்படிப் பார்த்தாங்க ஐயா?" என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி, குற்றச்சாட்டு இல்லை. உங்கள் வகுப்பில் ஈழத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தால், இந்தக் குழுவில் சேர்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

ராணுவ ரகசியம் ஏதாவது வெளியே வந்து சிக்கல் ஆகுமா?

1965, 1971 பற்றிய பொது அனுபவங்களில் பயப்பட ஒன்றும் இல்லை. போர்க்கால ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021-ல் கொள்கை அறிவித்தது. ஆனால் 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. சமீபத்தில் ஓய்வு பெற்றவரிடம் இப்போதைய முகாம்கள், ஆயுதங்கள், சங்கேதங்கள் பற்றிக் கேட்காதீர்கள். எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் போன்ற அமைப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு: துறை சார்ந்த விஷயங்களை முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2021-ல் ஓய்வூதிய விதி திருத்தப்பட்டது. நம் பதிவால் ஒருவருடைய பென்ஷனுக்குப் பங்கம் வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் அவர் அந்த விஷயத்தைப் பேசவே வேண்டாம்.

அவர் சொல்வது புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லையே?

திருத்தாதீர்கள். பதிவுக்கு அப்புறம் உங்கள் குறிப்பில் "பட்டாலியன் வரலாற்றில் தேதி வேறு" என்று எழுதி வையுங்கள்.

பிசகிய நினைவுக்கும் ஒரு அர்த்தம் இருக்கும். இத்தாலியின் டெர்னி நகரில் 1949-ல் நடந்த ஒரு போராட்டத்தில் லூயிஜி டிரஸ்டுல்லி என்ற இளம் தொழிலாளி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பல வருடம் கழித்து ஊர்க்காரர்களிடம் கேட்டபோது, ஏராளமான தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கியதையொட்டி 1953-ல் நடந்த கலவரத்தில்தான் அவர் செத்தார் என்று பலர் உறுதியாகச் சொன்னார்கள். வேலை போனதுதான் அவர்கள் மனதில் ஆறாத காயம், அதனால் சாவும் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. ஆவணத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதேபோல ஒரு பெரியவர் தன் நண்பர் இறந்த நாளைப் போர் நிறுத்தத்துக்கு முந்தின நாள் என்று சொல்கிறார், உண்மையில் அது பத்து நாள் முன்னால் நடந்தது என்றால், அந்தப் பத்து நாள் அவருக்கு எங்கே போனது என்று யோசியுங்கள்.

தான் செய்யாததைச் செய்ததாக அளக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் டிஸ்சார்ஜ் புத்தகத்தை முதலிலேயே பார்க்கச் சொன்னேன்.

எந்த கேமரா வாங்க வேண்டும்?

வாங்கவே வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். பணம் இருந்தால் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்குங்கள். படம் சுமாராக இருந்தாலும் பதிவு பயன்படும், பேச்சு புரியாவிட்டால் மொத்தமும் வீண்.

நம் வீடுகளில் பெரிய எதிரி மின்விசிறி. அறையில் இருக்கும்போது அந்தச் சத்தம் காதில் விழாது. பதிவைப் போட்டுக் கேட்டால் மழை பெய்வதுபோல இருக்கும். விசிறியை நிறுத்தினால் பெரியவருக்கு வேர்க்கும், ஆகவே காலை ஏழு ஏழரைக்கே போய் உட்காருங்கள். அப்புறம் குக்கர் விசில், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவி சீரியல். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கி இருக்கும் தெருவில் பதிவு வைக்கவே வைக்காதீர்கள். பேட்டி தொடங்கும் முன் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். எது தொந்தரவு செய்கிறது என்று தெரிந்துவிடும்.

போனைப் படுக்கைவாட்டில் வைத்து, ஸ்டாண்டில் பொருத்தி, ஃபிளைட் மோடில் போடுங்கள். ஜன்னல் அவருக்குப் பின்னால் இருந்தால் முகம் கருப்பாகத் தெரியும், அதனால் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். கேமரா அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். கேட்கிறவர் கேமராவை ஒட்டிப் பக்கத்தில் உட்கார வேண்டும். கைகளும் படத்தில் வருமாறு இடுப்பு வரை காட்டுங்கள், இவர்கள் கையால் நிறையப் பேசுவார்கள். "ஓஹோ, அப்படியா" என்று நீங்கள் போடும் சத்தம் அவர் பேச்சின்மேல் விழும். தலையை மட்டும் ஆட்டுங்கள்.

ஒரு மணி நேர வீடியோ போனின் அமைப்பைப் பொறுத்து சுமார் 4 முதல் 8 ஜிபி வரை இடம் பிடிக்கும். முந்தின நாளே இடத்தைக் காலி செய்யுங்கள், சார்ஜரைக் கையோடு கொண்டுபோங்கள்.

தொடக்கத்தில் கேமராவைப் பார்த்து யாராவது ஒருவர் தேதி, ஊர், பேசுபவர் பெயர், பதவி, பிரிவு, கேட்பவர் பெயர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கோப்பின் பெயர் மாறிப்போகலாம், காகிதம் தொலையலாம். பதிவுக்குள்ளேயே இருக்கும் பெயர் எங்கும் போகாது.

எழுத்துபூர்வமான சம்மதம் அவசியமா? வாயால் சொன்னால் போதாதா?

அவசியம். காரணம் சொல்கிறேன். முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் சிக்கிய இந்தியச் சிப்பாய்களை பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். மொழி ஆராய்ச்சிக்காக ஜெர்மன் அறிஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து கைதிகளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாபி வீரர் பேசினார். ஊரில் வெண்ணெயும் பாலும் சாப்பிட்டு வாழ்ந்த ஒருவன் வெள்ளைக்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்து, ஐரோப்பியப் போருக்கு வந்து, ஜெர்மனியிடம் மாட்டிக்கொண்டதாகத் தன் கதையை வேறு யாரோ ஒருவருடைய கதைபோலச் சொன்னார். அவன் இந்தியாவுக்குத் திரும்ப ஆசைப்படுகிறான் என்றும் சொன்னார். அந்த இசைத்தட்டு பெர்லின் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒலிக் காப்பகத்தில் இன்னும் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு அவர் உச்சரிப்பு வேண்டியிருந்தது, அவர் ஊருக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் கவலை இல்லை. கைதியாக இருந்தவரால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா என்பதும் சந்தேகம்தான்.

நம் தாத்தா கைதி இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து நின்றால் மறுக்க மனம் வராது. ஆகவே தமிழில், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் படிவம் தயார் செய்யுங்கள். பதிவு எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், இணையத்தில் போடலாமா, எந்தப் பகுதியை மூடி வைக்க வேண்டும், அவர் காலத்துக்குப் பின் போட்டால் போதுமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். முழுதாகப் படித்துக் காட்டுங்கள். பதிவு முடிந்த பிறகுதான் கையெழுத்து, ஏனென்றால் என்ன பேசினோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். பின்னால் மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்றும் எழுதுங்கள். பேட்டி எடுக்கும் மாணவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தும் தேவை, அந்தப் பிள்ளையின் குரலும் முகமும் பதிவில் வருகிறதே.

பதிவை எங்கே வைப்பது?

மூன்று பிரதி: பள்ளி கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு கட்டடத்திலோ கிளவுடிலோ ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பி வைத்ததைப் பிரதி என்று கணக்கில் எடுக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். மூலக் கோப்பை எடிட் செய்யாமல் வையுங்கள். ஆண்டு விழாவுக்கு ஐந்து நிமிடத் துண்டு வேண்டுமென்றால் நகலிலிருந்து வெட்டுங்கள்.

நீண்ட காலத்துக்கு ஒரு நூலகமோ கல்லூரி வரலாற்றுத் துறையோ பொறுப்பேற்பதுதான் நல்லது. படித்து முடித்து எல்லோரும் போய்விடுவார்கள், ஆசிரியர் மாற்றலாகிவிடுவார். சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய அதன் தொகுப்பில் தமிழ்ப் பேட்டிகளும் இருக்கின்றன. மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், முதலில் அங்கே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முழுவதையும் எழுத்தாக்க வேண்டுமா?

முடிந்தால் நல்லது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். தானாக எழுத்தாக்கும் செயலிகள் வட்டாரத் தமிழும் பட்டாள இந்தியும் கலந்த பேச்சில் திணறுகின்றன, பெயர்களைக் கண்டபடி மாற்றிவிடும். நேரம் இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு பொருளடக்கம் போடுங்கள்: எந்த நிமிடத்தில் எந்த ஊர், எந்த ஆள், என்ன விஷயம் என்று. அவர் பேச்சுவழக்கைப் புத்தகத் தமிழாக மாற்றாதீர்கள்.

என் மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். இங்கிருக்கும் அவள் தாத்தாவின் பேட்டியைக் காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்பலாமா?

இந்திய ராணுவத்தில் இருந்தவர் என்றால் முடியாது, அந்தத் திட்டம் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்களுக்கானது. அவள் படிக்கும் ஊரில் இருக்கும் அமெரிக்கப் படைவீரர் ஒருவரை அவள் பேட்டி எடுத்து அனுப்பலாம். பேட்டி எடுப்பவர் மாணவர் என்றால் பத்தாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தாத்தாவின் பேட்டியையும் அதே படிவ முறையில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

பெரியவருக்குப் பணம் கொடுக்கலாமா?

வேண்டாம். முழுப் பதிவையும் டிவியில் நேரடியாகச் செருகிப் பார்க்கும்படி ஒரு பென் டிரைவில் போட்டு, இரண்டு வாரத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பல வீடுகளில் "பசங்க வந்து எடுத்துட்டுப் போனாங்க, அப்புறம் ஆளையே காணோம்" என்ற குறை இருக்கிறது. போகிற அன்று அவர் டிவியில் அது ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். பழைய டிவி சில வகைக் கோப்புகளைத் திறக்காது, எம்பி4 என்றால் பெரும்பாலும் ஓடும்.